நாக்கில் ஒட்டிய சாமி

கொரோனா இரண்டாவது அலையில் எங்கள் விருத்தாசலத்துக்கு ஆக்சிஜன் சிலிண்டர் வருவதற்கு முன்னால் ஒரு சாமி வந்துவிட்டார்.

மூச்சுச் சாமி என்று பெயர். மங்கலம்பேட்டை ரோட்டோரம் ஒரு முந்திரித் தோப்பில் பந்தல் போட்டு உட்கார்ந்தார். ஊரடங்கு, நாலு பேர் சேர்ந்து நிற்காதீர்கள் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். தோப்பில் நாலு பேர் நிற்கவில்லை, நானூறு பேர் நின்றார்கள். சட்டத்தை மதித்து இடைவெளி விட்டு நின்றவை முந்திரி மரங்கள் மட்டும்தான்.

வைத்தியம் சுலபம். கேரம் காய் அளவில் வெள்ளையாக ஒரு வில்லை. சாமி அதை நெற்றியில் தொட்டு, நீட்டிய நாக்கின் மேல் வைப்பார். கப்பென்று ஒட்டிக்கொள்ளும். தலையை ஆட்டினாலும் விழாது.

"கிருமி பிடித்துக்கொண்டிருக்கிறது" என்பார் சாமி. பிடுங்கிச் செம்புத் தண்ணீரில் போடுவார். சின்னச் சின்னக் குமிழியாகக் கிளம்பும். "கிருமி மூச்சை விடுகிறது." குமிழி அடங்கியதும் அதே வில்லையை மறுபடியும் நாக்கில் வைப்பார். வழுக்கி விழுந்துவிடும். "செத்தது. எழுந்து போ."

ஆளுக்கொரு காணிக்கை, ஆளுக்கொரு புது வில்லை. எச்சில் விஷயத்தில் சாமி ரொம்பக் கண்டிப்பு.

இந்தப் புகழையெல்லாம் ஊருக்குள் பரப்பிய பெருமை என்னுடையது. நான் பாரி. பீங்கான் தொழில் படித்து டிப்ளமோ வாங்கியவன். ஊரிலுள்ள ஒரு பீங்கான் பொம்மைக் கம்பெனியில் சூளைக்குப் பொறுப்பு. அது போக, 'விருத்தாசலம் கொரோனா உதவி' என்ற வாட்ஸப் குழுவுக்கு அட்மின். எங்கே படுக்கை காலி, எங்கே தடுப்பூசி என்று ஜனங்களுக்குச் சொல்லத்தான் குழுவை ஆரம்பித்தேன். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் வளர்மதி தினமும் காலையில் எனக்குத் தகவல் அனுப்புவார். நான் அப்படியே போடுவேன். 'இன்று காய்ச்சல் முகாம், பரிசோதனை இலவசம்.' யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒருநாள் சாமி வில்லை ஒட்டுகிற வீடியோவைப் போட்டேன். திட்டக்குடி, வேப்பூர் வரைக்கும் போய்விட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து டாக்டர் அனுப்பிய தகவலைச் சாமி வீடியோவுக்குக் கீழே போட ஆரம்பித்தேன். பிறகு போடவே மறந்தேன்.

அப்போதுதான் என் அண்ணன் அர்ச்சுனனுக்குக் காய்ச்சல் வந்தது. நானே தோப்புக்கு அழைத்துக்கொண்டு போனேன். வில்லை ஒட்டியது, குமிழி வந்தது, வில்லை விழுந்தது. குணமாகிவிட்டது என்று அண்ணனும் டெஸ்ட் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை போய்வந்தவர், மலை ஏறி இறங்கியவர் மாதிரி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

என் மனைவி வாசுகி சொன்னாள். "மாமாவுக்கு மூச்சு வாங்குதுங்க. டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போங்க."

"சாமி இன்னொரு தடவ வெச்சாருன்னா சரியாயிடும்."

"வெச்சு சரியாகலன்னுதான இப்ப மூச்சு வாங்குது?"

நான் அண்ணனைப் பின்னால் உட்காரவைத்து பைக்கை எடுத்தேன். தோப்புக்குப் போகும் வழியில்தான் ஆரம்ப சுகாதார நிலையம். வாசலில் பந்தல், நாற்காலி, தண்ணீர்க் கேன், ரெண்டு நர்சுகள். ஜனம் மட்டும் இல்லை. அண்ணன் என் முதுகில் சாய்ந்தபடி, "இங்கயே பாக்கலாமாடா" என்றார். குரல் பாதிதான் வந்தது. நான் வண்டியை நிறுத்தவில்லை. படித்தவன் அல்லவா, எங்கே போக வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

தோப்பில் வரிசை நீளம். அட்மின் என்பதால் எங்களுக்கு முன்னால் இடம் கிடைத்தது. சாமி வில்லையைக் கையில் எடுக்கும்போது பின்னால் ஒரு ஜீப் வந்து நின்றது. டாக்டர் வளர்மதி ஒரு நர்சோடு இறங்கினார். வாசுகி போன் பண்ணிவிட்டிருந்தாள்.

டாக்டர் சாமியைப் பார்க்கவே இல்லை. நேராக வந்து அண்ணன் விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார். ஆக்சிஜன் அளவு எண்பத்தாறு என்று காட்டியது.

"இவரு எவ்வளவு நேரமா இப்படி இருக்காரு?"

"காலையிலேருந்து மேடம்."

"என் வாசலைத் தாண்டித்தான வந்தீங்க?"

நான் முந்திரி மரத்தைப் பார்த்தேன். அதுவும் உதவிக்கு வரவில்லை.

நூற்றியெட்டுக்குச் சொல்லிவிட்டு, அண்ணனை ஜமக்காளத்தில் குப்புறப் படுக்கவைத்தார். நர்ஸ் ஜீப்பிலிருந்து சின்ன சிலிண்டரை இறக்கி மாஸ்க்கை மாட்டினாள். அண்ணன் முதுகு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாமிக்கு மட்டும் கோபம்.

"நம்பிக்கை இல்லாதவர்கள் நிழல் பட்டால் வில்லை வேலை செய்யாது, தாயே."

"செய்யுதான்னு பாத்துடலாம் சாமி. ஆம்புலன்ஸ் வர நேரமிருக்குது" என்றார் டாக்டர். தட்டிலிருந்து புது வில்லை ஒன்றை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய், முகக்கவசத்தை இறக்கி, தன் நாக்கில் வைத்தார். கப்பென்று ஒட்டியது.

கூட்டம் சலசலத்தது. சாமி சிரித்தார். "உனக்கும் கிருமி இருக்கிறது, தாயே."

"நேத்துதான் டெஸ்ட் எடுத்தேன், கிருமி இல்ல. சரி, இருக்குதுன்னே வெச்சுக்குவோம். இங்க காய்ச்சலோட யாரு இருக்கீங்க?"

பாவாடை என்ற பெரியவர் கையைத் தூக்கினார். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். நர்ஸ் பார்த்தாள், நூற்றிரண்டு. டாக்டர் இன்னொரு புது வில்லையை எடுத்து, நாக்கில் வைக்காமல் முதலில் செம்புத் தண்ணீரில் போட்டார். அதே குமிழி வந்தது. எந்தக் கிருமியும் தொடாத வில்லை, ஆனாலும் மூச்சு விட்டது. அடங்கியதும் எடுத்துப் பாவாடையின் நாக்கில் வைத்தார். வழுக்கி மண்ணில் விழுந்தது.

"நூத்திரண்டு காய்ச்சல். வில்லை சொல்லுது, நோவே இல்லையாம். காஞ்சது ஒட்டுது, நனைஞ்சது ஒட்டல. அவ்வளவுதான். இன்னும் ஒரே ஒரு நாக்கு பாக்கி. சாமி, நீட்டுங்க."

"என் நாவில் வாக்கு இருக்கிறது. பொருள் படக் கூடாது."

"காலையில இட்லி பட்டுச்சே" என்றார் பாவாடை. "நான்தான வாங்கியாந்தேன்."

நாலு பேர் நெருங்கி வந்ததும் சாமி நாக்கை நீட்டினார். வில்லை ஒட்டியது. ஒட்டின வேகத்தைப் பார்த்தால், ஊரிலுள்ள மொத்தக் கிருமியும் சாமிக்குள்தான் குடியிருந்திருக்க வேண்டும்.

விழுந்து கிடந்த வில்லையை அப்போதுதான் நான் கையில் எடுத்துப் பார்த்தேன். பிஸ்கட்டு. டீயில் தொட்டுத் தின்கிற பிஸ்கட் இல்லை. ஒரு தடவை மட்டும் சுட்டு, மேலே பளபளப்புக்கான கிளேஸ் பூசாமல் விட்ட பீங்கானுக்குச் சூளையில் அதுதான் பெயர். உடம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை, ஈரத்தைக் கண்டால் உறிஞ்சும். உள்ளே இருக்கும் காற்று குமிழியாக வெளியே வரும். சரியாகச் சுட்டிருக்கிறதா என்று பார்க்க நான் தினமும் செய்கிற வேலை என்ன தெரியுமா? நாக்கில் ஒட்டிப் பார்ப்பது. கம்பெனியில் நான் நக்கினால் அது சோதனை. தோப்பில் சாமி ஒட்டினால் தரிசனம்.

வாய் தவறி உரக்கச் சொல்லிவிட்டேன். "இது பிஸ்கட்டுங்க. நாங்க தெனமும் சுடுறதுதான்."

பாவாடை என்னை மேலும் கீழும் பார்த்தார். "தெரிஞ்சிருந்தும் நீ எதுக்குய்யா வரிசையில நின்ன?"

நான் வில்லையைக் கீழே போட்டுவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினேன்.

இந்தச் சந்தடியில் சாமி நழுவி ரோட்டுக்கு ஓடினார். வேப்பூர் பஸ்ஸைப் பிடித்துத் தப்பிவிடலாம் என்று நினைத்தாராம். ஊரடங்கில் பஸ்ஸு ஏது? கைகாட்டியதற்கு நின்ற ஒரே வண்டி போலீஸ் ஜீப். முதல் வழக்கு முகக்கவசம் போடாததற்கு. மோசடி வழக்கு அப்புறம்தான்.

ஆம்புலன்ஸில் ஏற்றிப் போன அண்ணன் பெரியாஸ்பத்திரியில் பல நாள் கிடந்தார். ஒரு ராத்திரி டாக்டர்களே கையைப் பிசைந்தார்கள். பிழைத்து வீட்டுக்கு வந்த அன்று, பாதி உடம்பாக நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். "வில்லையில நாக்கு மட்டும்தாண்டா ஒட்டுச்சு. உசுரு ஒட்டுனது அந்த ஆக்சிஜன் குழாயிலதான்." வாசுகி என்னை ஒருதரம் பார்த்துவிட்டு அவருக்குக் கஞ்சி எடுக்கப் போனாள்.

அடுத்த தடுப்பூசி முகாமுக்கு நாற்காலி போடும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கூட்டம் வந்தது. டாக்டரம்மா சாமியையே ஜெயித்தவர் என்ற பேச்சுதான் காரணம். காய்ச்சல் தெளிந்த பாவாடையும் வந்திருந்தார். என்னைத் தனியாக அழைத்து, காதோரம் கேட்டார்.

"டாக்டரம்மா நாக்குல ஒட்டுச்சே, அந்த வில்லை ஒங்கிட்ட இருக்குதா தம்பி? பவருள்ள அம்மா. வூட்டு வாசல்ல கட்டலாம்னு பாத்தேன்."

எனக்குப் பின்னால் நின்றவர், தனக்கும் ஒன்று வேண்டும் என்றார்.

"பெரியவரே," என்றேன், "அந்த வில்லை உறிஞ்சுனது எச்சில மட்டும்தான். மூளைய அது தொடவே இல்ல. நாமதான் மூளைய வூட்டுலயே வெச்சுட்டு வெறும் நாக்கோட கெளம்பிட்டோம். இனிமே எங்க போனாலும் ரெண்டையும் சேத்து எடுத்துக்கிட்டுப் போவோம்."