கொட்டாஞ்சேனையில் உட்கார்ந்த கார்

ஓடாத கார் வைத்திருப்பவன் கார் இல்லாதவனைவிட அதிகம் நடப்பான். யாரும் சொல்லித்தராத இந்த உண்மையை நான் கொழும்பின் காலி வீதியில் நடந்து நடந்தே கண்டுபிடித்தேன்.

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் ஒரு பிரெஞ்சுக் கார் நின்றது. நாட்டைவிட்டுப் புறப்பட்ட ஒரு வெளிநாட்டுக்காரரிடம் அப்பா ஆசைப்பட்டு வாங்கியது. வாங்கும்போதே அது நடுவயதைத் தாண்டியிருந்தது. ஆனால் சொகுசு என்றால் அப்படி ஒரு சொகுசு. இருக்கையில் அமர்ந்தால் ஆளை மெத்தென்று உள்ளே வாங்கிக்கொள்ளும். வீதியில் எத்தனை பள்ளம் இருந்தாலும் உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. அம்மாவுக்கு முதுகு வருத்தம். கட்டிலைவிட இது நல்லது என்று சில மத்தியானங்களில் காருக்குள் போய்ப் படுத்துக்கொள்வார். (கார் எப்போதும் வீட்டில்தான் நிற்கும் என்பதால் அவருடைய நித்திரைக்கு ஒரு குறையும் வந்ததில்லை.)

இந்தச் சொகுசுக்குக் காரணம், காரின் அடியில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக எண்ணெயும் காற்றும் வேலை செய்ததுதான். எஞ்சினை நிறுத்தினால் அழுத்தம் குறைந்து, கார் மெல்ல மெல்லப் பின்பக்கத்தைத் தாழ்த்தி நிலத்தோடு உட்கார்ந்துவிடும். திரும்ப ஸ்டார்ட் பண்ணினால் முதலில் பின்பக்கத்தைத் தூக்கி, பிறகு முன்பக்கத்தைத் தூக்கி, படுத்த மாடு எழும்புவதுபோல எழும்பும். உட்காருவதில் ஒரு நாளும் தவறியதில்லை. எழும்புவதில்தான் அதற்கு நூறு யோசனை. போதாததற்கு, நின்ற இடத்தில் பச்சை நிறத்தில் எண்ணெய் ஒழுக்கும். எங்கள் ஒழுங்கையில் அக்கம்பக்கத்தாருக்கு இதெல்லாம் பழகிப்போன காட்சி. ஊரில் மற்றவர்களுக்குப் பழக்கமில்லை என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

அப்போது எனக்கு முப்பது வயது. ஒரு இன்சூரன்ஸ் கந்தோரில் வேலை. எனக்குப் பெண் தேடிய தரகர் சின்னத்துரை, போகிற இடமெல்லாம் என்னைப் பற்றி இரண்டே விஷயம் சொன்னார். ஒன்று, சொந்தக் கார். மற்றது, "பெடியன்ர பேர் ஒரு பொலிஸ் ஸ்டேசனிலயும் இல்லை."

இரண்டாவதுதான் பெரிய சீதனம். யுத்த காலம். கொழும்பில் ஒரு தமிழ்ப் பெடியன் பாண் வாங்கப் போனாலும், அடையாள அட்டையும் கையுமாகப் போய் அடையாள அட்டையோடு திரும்பி வந்தால்தான் வீட்டில் மூச்சு விடுவார்கள். கொட்டாஞ்சேனையில் இருந்த வதனியின் தகப்பனார் தரகரிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "டொக்குத்தர், எஞ்சினியர் ஒண்டும் வேண்டாம். சோலி சுரட்டு இல்லாத பெடியன் போதும்."

வதனி பம்பலப்பிட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு ரீச்சர். அவளுடைய படத்தைப் பார்த்த கணமே எனக்குப் பிடித்துவிட்டது. இந்தச் சம்பந்தம் தப்பினால் நான் கட்டையில் போகும்வரை தனியாள்தான் என்று முடிவே செய்துவிட்டேன். பதிலுக்கு நான் அனுப்பியது பல்கலைக்கழக அடையாள அட்டைக்கு எடுத்த படம். அதில் எனக்குத் தலைமுடி அதிகம், மீசை இல்லை.

பெண் பார்க்கக் குறித்த ஞாயிறு பின்னேரம், கார் எழும்பவில்லை.

"தம்பி, ராகு காலத்துக்கு முதல் அவையின்ர வாசல்ல நிக்க வேணும்," என்று அப்பா அவசரப்படுத்தினார்.

"ஓட்டோவில போவம்," என்றேன் நான்.

தரகர் குறுக்கே விழுந்தார். "கார் இருக்கெண்டு சொல்லிப் போட்டன், தம்பி. நாலு பேரும் ஓட்டோவில போய் இறங்கினா என்ர வாய்க்கு என்ன மரியாதை? நாங்கள் மூண்டு பேரும் முன்னுக்குப் போறம். நீர் காரோட வாரும்."

அவர்கள் போன பிறகு நான் காருக்குள் தலையை விட்டேன், அடியில் கையை விட்டேன், கடைசியில் ஒழுங்கைக்காரரைக் கூப்பிட்டுத் தள்ளவிட்டேன். கார் புகையைக் கக்கிக்கொண்டு எழும்பியது. வழியில் சோதனைச் சாவடியில் மறித்த ஆமிக்காரன் அந்தப் புகையைப் பார்த்துவிட்டு, தன் காலடியில் அது நின்றுவிடும் என்று பயந்தோ என்னவோ, போ போ என்று கையைக் காட்டினான்.

வதனி வீட்டு வாசலில் ஒரு புத்தம் புது ஜப்பான் கார் மினுங்கிக்கொண்டு நின்றது. (பக்கத்து வீட்டுக்காரருடையது என்று பிறகு தெரிந்தது.) அதைக் கண்டதும் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நிறுத்தாமல் அப்படியே வளைந்து, வீட்டின் பின்பக்க வீதிக்குப் போனேன். அங்கே ஒரு பண்டசாலையின் நீளச் சுவர். ஆள் நடமாட்டம் இல்லை. சரிவான இடம், ஆகவே திரும்பும்போது உருட்டி ஸ்டார்ட் பண்ணலாம். சுவரோரமாகக் காரை விட்டுவிட்டு, யாராவது கண்டார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தேன். கையில் இருந்த பச்சை எண்ணெயை ஒரு பேப்பரில் துடைத்து எறிந்துவிட்டு, ஓட்டமும் நடையுமாக முன்வாசலுக்கு வந்தேன். எனக்குப் பின்னால் கார் தன் வழக்கப்படி உட்காரத் தொடங்கியிருக்கும்.

"கார் எங்க தம்பி?" என்றார் தரகர்.

"பின்னால நிக்குது," என்றேன். முகத்தில் வேர்வை.

வதனி தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். படத்தைவிட நேரில் இன்னும் நன்றாக இருந்தாள். என் முன்னால் வந்து, நிமிர்ந்து, என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். உடனே அவள் கையில் தட்டு நடுங்கத் தொடங்கியது. கோப்பைகள் ஒன்றோடொன்று கிலுகிலுத்தன. தேத்தண்ணி என் காற்சட்டையில் ஊற்றுப்பட்டது. அவள் தட்டை மேசையில் போட்டுவிட்டு உள்ளே ஓடிவிட்டாள்.

"பிள்ளைக்கு வெக்கம்," என்றார் என் அம்மா, மகிழ்ச்சியோடு.

என்னைக் கண்டு ஒரு பெண் நிலைகுலைந்தது அதுதான் முதல் தடவை. நான் ஈரக் காற்சட்டையோடு மீசையைத் தடவிக்கொண்டேன். (அந்தச் சில நிமிடங்கள் நான் எப்பேர்ப்பட்ட அழகன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.)

பலகாரத் தட்டில் கை வைக்கிறேன், வாசலில் பொலிசார். பின் வீதியில் சந்தேகத்துக்கிடமான வாகனம் நிற்கிறதாம், எல்லோரும் வெளியே போக வேண்டுமாம். நாங்கள், வதனி வீட்டார், ஒழுங்கைச் சனம் எல்லோருமாக மறுமுனையில் இருந்த பிள்ளையார் கோயிலுக்குப் போய் நின்றோம். வதனி பட்டுச் சேலையும் பூவுமாகத் தூணோடு ஒதுங்கி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின் வீதி என்றதும் எனக்கு விளங்கியிருக்க வேண்டும். ஆனால் சத்தியமாகத் தோன்றவில்லை. சந்தேகத்துக்கிடமான வாகனம் என்றால் குண்டு ஏற்றிய லொறி, வான் என்றுதான் என் மனதில் பதிந்திருந்தது. எங்கள் காரில் எனக்கிருந்த ஒரே சந்தேகம் அது ஓடுமா என்பதுதான்.

ஆகவே வருங்கால மாமனார் பக்கத்தில் நிற்கிறார் என்ற உற்சாகத்தில் வாயைத் திறந்தேன். "எந்த விசரன் உப்பிடிக் குடிமனைக்குள்ள வாகனத்தை விட்டிட்டுப் போறவன்? பொறுப்பில்லாத சாமான்கள்."

"பிடிச்சு உள்ளுக்குப் போட வேணும்," என்றார் அவர்.

"போட்டிட்டுத் திறப்பைக் கடலுக்க எறிய வேணும்," என்றேன் நான்.

அவர் என்னை மெச்சினாற்போலத் தலையாட்டிவிட்டு அப்பாவிடம் கதைக்கப் போனார். வதனி மெல்ல என் பக்கத்தில் வந்தாள்.

"நீங்கள் வந்த கார் என்ன நிறம்?" இதுதான் அவள் என்னோடு கதைத்த முதல் வசனம்.

"சாம்பல் நிறம்."

"பின்பக்கம் நிலத்தில பதிஞ்சு போய், பச்சையா என்னவோ ஒழுகிற காரோ?"

"ஓம்."

"உங்கட காருக்குத்தான் உந்தப் பொலிஸ் எல்லாம் வந்து நிக்குது."

"ஆர் அறிவிச்சது?"

"நான்தான்." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "மேல் யன்னலாலை பார்த்துக் கொண்டு நிண்டனான். ஒருத்தர் காரை விட்டிட்டு, அங்கால இஞ்சால பார்த்து, கையைத் துடைச்சுக் கொண்டு ஓடுறார். அவர் போனாப் பிறகு கார் தன்பாட்டில கீழ இறங்குது. டிக்கிக்குள்ள எவ்வளவு பாரம் இருந்தா அப்பிடிப் பதியும் எண்டு நினைச்சு போன் பண்ணிப் போட்டன். பிறகு தட்டோட வந்தா, அதே மீசையும் கையில பச்சைக் கறையுமா நீங்கள் இருக்கிறியள்."

"என்ன சொன்னனீங்கள்?"

"அடையாளம் கேட்டவை. கறுத்த மீசை, வெள்ளைச் சேட்டு, வயசு நாற்பது எண்டனான்."

"நாற்பதோ?"

"மேல இருந்து பார்க்க அப்பிடித்தான் தெரிஞ்சது."

"எனக்கு முப்பதுதான்," என்றேன். அவ்வளவு பயத்திலும் அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பிறகுதான் பயம் முழுதாக வந்து சேர்ந்தது. அந்த நாட்களில் ஜீப்பில் ஏற்றப்பட்ட எத்தனையோ பேர் எப்போது திரும்பினார்கள், திரும்பினார்களா என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். போய் உரிமை கோராவிட்டால் காரை வெடிக்கவைத்துவிடுவார்கள். கோரினால் என்னைக் கொண்டுபோவார்கள்.

"வாங்கோ, நானும் வாறன்," என்று சொல்லிவிட்டு வதனி முன்னால் நடந்தாள். நான் அவளுக்குப் பின்னால் போனேன். எங்களைக் கண்டு அவளுடைய தகப்பனாரும் என் அப்பாவும் பின்னால் ஓடிவந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் என் அடையாள அட்டையை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். மோப்ப நாய் காரைச் சுற்றி முடித்திருந்தது. டிக்கியைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தேன். ஒரு மேலதிக பற்றரி, ஒரு சுருள் வயர், ஒரு கலன் நிறையப் பச்சை எண்ணெய். எங்கள் காரோடு வெளிக்கிடுகிற எவனும் இந்த மூன்றும் இல்லாமல் வெளிக்கிட மாட்டான். ஆனால் அன்று அதைப் பார்த்த பொலிசார் ஓரடி பின்னால் போனார்கள். ஒரு மணிக்கூடும் சேர்ந்து கிடந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

இன்ஸ்பெக்டர் வதனியிடம் திரும்பி, நீ சொன்ன ஆள் இவனா என்று சிங்களத்தில் கேட்டார்.

"எயா தமய்," என்றாள் அவள். அவர்தான். பின்னால் அப்பா "ஐயோ" என்றது கேட்டது. அவள் குரலை உயர்த்தி அடுத்ததையும் சொன்னாள். "எயா மாவ பலன்ன ஆவே." என்னைப் பார்க்க வந்தவர்.

இன்ஸ்பெக்டர் அவளுடைய பட்டுச் சேலையைப் பார்த்தார், தலைப் பூவைப் பார்த்தார், என் காற்சட்டையில் தேத்தண்ணிக் கறையைப் பார்த்தார். கல்யாணம் பேச வந்தவன் ஏன் காரை ஒளித்து வைத்தாய் என்று என்னைக் கேட்டார்.

"வெட்கத்தில், சேர்," என்றேன் எனக்குத் தெரிந்த சிங்களத்தில்.

அவர் காரைச் சற்று நேரம் பார்த்தார். "அது நியாயம்," என்றார்.

ஆனாலும் ஏன் பதிந்து கிடக்கிறது என்று அவருக்கு நிரூபிக்க வேண்டியிருந்தது. ஸ்டார்ட் பண்ணினால் எழும்பும் என்றேன். நம்பவில்லை. ஸ்டார்ட் பண்ணினேன், ஆகவில்லை. உருட்டிப் பார்ப்பதற்கு அது நிலத்தோடு ஒட்டிக் கிடந்தது. கடைசியில் கொஞ்சம் தள்ளிவிட முடியுமா என்று பொலிசாரிடமே கேட்டேன். அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்ததென்று இன்றுவரை தெரியாது. நான்கு பேர் துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு முனகியபடி தள்ளினார்கள். சரிவில் எஞ்சின் வெடியோசையோடு பற்றியது. நான் பிரேக்கை மிதித்தேன். கார் பெருமூச்சு விட்டுக்கொண்டு பின்பக்கத்தைத் தூக்கியது. தள்ளிய நான்கு பேரும் வீதியில் குப்புற விழுந்து தலையைப் பொத்திக்கொண்டார்கள். இன்ஸ்பெக்டர் மதகுக்குப் பின்னால். நாய் மட்டும் அசையாமல் இருந்து பார்த்தது. அது பயிற்சி பெற்ற நாய்.

இன்ஸ்பெக்டர் எழும்பி மண்ணைத் தட்டினார். எனக்கு அடி விழப்போகிறது என்று கண்ணை மூடினேன். சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு அவர் கதவைத் திறந்து பின் இருக்கையில் ஏறி, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சாய்ந்து, கண்ணை மூடி இருந்தார். வேலை நாளில் அப்படியொரு இருப்பு அவருக்கு வாய்த்திராது. இறங்கும்போது, விற்பதென்றால் தனக்குச் சொல்லும்படியும், கார் வேண்டாம், சீட் மட்டும் போதும் என்றும் சொல்லிவிட்டு அடையாள அட்டையைத் தந்தார்.

தரகர் சின்னத்துரை எப்போது ஓட்டோ பிடித்தார் என்று ஒருவருக்கும் தெரியாது. வதனியின் தகப்பனார் மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில், "நல்ல தைரியமான பிள்ளை," என்றார் அம்மா, பின் இருக்கையில் சாய்ந்தபடி.

"எங்கட வீட்டுக்கு வரப்போறதில்லை," என்றார் அப்பா.

வந்தாள். அதே கிழமை அவளுடைய தகப்பனார் பஸ் ஏறி வெள்ளவத்தைக்கு நேரில் வந்தார். "பொலிசே பிடிச்சு விசாரிச்சு, சிரிச்சுப் போட்டு விட்ட பெடியன்," என்றார். "இனி நான் வேற என்னத்தை விசாரிக்கக் கிடக்கு?"

என்னை ஏன் பிடித்தது என்று கல்யாணத்துக்குப் பிறகு வதனியைக் கேட்டேன். "நான் பொலிசுக்குச் சொன்னதுக்கு நீங்கள் ஒரு சொல்லும் ஏசேல்லை. நாற்பது எண்டதுக்குத்தான் கோவிச்சனீங்கள். உப்பிடிப்பட்ட ஆளோட காலம் தள்ளலாம் எண்டு நினைச்சன்," என்றாள்.

அந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கோபம் ஆறவேயில்லை. கணக்கு ரீச்சர் பத்து வயது பிழை விடலாமா என்று பத்து வருஷமும் அவளைச் சீண்டிக்கொண்டே இருந்தேன். என் நாற்பதாவது பிறந்தநாளுக்கு வீடு நிறையச் சனம். மாமனார் வந்திருந்தார், அம்மா வழக்கம்போலக் காருக்குள் இருந்தார். நான் கேக்கில் கத்தியை வைத்த நேரம் வதனி சபையைப் பார்த்துச் சொன்னாள்.

"பொலிசுக்கு நான் சொன்ன அடையாளம் இண்டைக்குத்தான் சரியா வந்திருக்கு. இப்ப வந்து பிடிக்கச் சொல்லுங்கோ."