முட்டியில் இல்லாத கட்டி

அடுத்தவர் உடம்பைப் பற்றிக் கவலைப்பட்டே பிழைத்தவன் நான். 2009-இல் கடலூர் முதுநகரில் இன்சூரன்ஸ் ஏஜென்ட். "உடம்புல சின்ன மாத்தம்னாலும் உடனே டாக்டரப் பாத்துடணும் சார்" என்று வீடு வீடாகச் சொல்லித் திரிந்த அதே வாய், என் விதையில் பட்டாணி அளவுக்குக் கட்டி தட்டுப்பட்டதும் மூடிக்கொண்டது. வலி இல்லை. வலித்தால்தானே வியாதி என்று இரண்டு மாதம் ஓட்டினேன். (தினமும் குளிக்கும்போது தொட்டுப் பார்த்து, கேன்சரோ என்று பயப்படுவேன். குளிக்கும்போது வியர்த்த ஒரே ஆள் நான்தான்.)

கடலூரில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் என் பாலிசிக்காரர் ஒருத்தராவது இருப்பார். மனைவி செல்வியிடம் மீட்டிங் என்று சொல்லிவிட்டு சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன்.

அங்கே ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் சீட்டு போடும் பெண், "என்ன பண்ணுது சார்?" என்றார். பின்னால் பத்துப் பேர்.

"முட்டி" என்றேன்.

எலும்பு டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் முட்டியை மடக்கிப் பார்த்தார். "இங்க வலிக்குதா?"

"கொஞ்சம் மேல சார்."

தொடையை அழுத்தினார். "இங்கயா?"

"இன்னும் கொஞ்சம் மேல."

இடுப்பில் கை வைத்தார். இன்னும் ஒரே ஒரு வார்த்தைதான் பாக்கி. பக்கத்தில் நர்ஸ் நின்றார். "ஆமா சார், இங்கதான்" என்று சரணடைந்தேன். ஒரு எக்ஸ்ரே, ஒரு களிம்பு, எதற்கும் இருக்கட்டும் என்று முட்டிக்கும் ஒரு கட்டு.

செல்வி கட்டைப் பார்த்தாள். "காலைல ஓடிப்போயி பஸ் ஏறுன ஆளுக்கு முட்டியில என்னங்க?" இரண்டாவது கேள்வியிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். முகம் வெளுத்துப்போனது. "ரெண்டு மாசமா எங்கிட்ட கூடவா சொல்லல?"

மறுநாள் அதே கவுன்ட்டர். "இவருக்கு விதையில கட்டி. நேத்து வெக்கப்பட்டுகிட்டு முட்டின்னுட்டாரு. யாரப் பாக்கணும்?" என்றாள் செல்வி கணீரென்று. ஹாலில் இருந்த தலையெல்லாம் திரும்பியது. பிறகு பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "சார்! நீங்களா?" சிதம்பரத்துக்குப் பக்கத்தில் கிள்ளையில் இருக்கும் என் பாலிசிக்காரர்.

சர்ஜன் ஸ்கேன் பார்த்தார். வெறும் நீர்க்கட்டி, பயமில்லை. ஆனால் விடவில்லை. "கேன்சர் கட்டியும் ஆரம்பத்துல பெரும்பாலும் வலிக்காதுங்க. கட்டியோ வீக்கமோ தெரிஞ்சா வந்து காட்டிடணும். திடீர்னு கடுமையா வலிச்சா அந்த நிமிஷமே கெளம்பணும். விதை முறுக்கிகிட்டா சில மணி நேரத்துல செத்துடும்."

வெளியே கிள்ளைக்காரர் காத்திருந்தார். கிண்டல் செய்யப்போகிறார் என்று தலையைக் குனிந்தேன். அவர் என் காதருகே வந்து, "எனக்கும் ஒரு பக்கம் வீங்கியிருக்கு சார். அந்த டாக்டரு எந்த ரூமு?" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் எந்த ஆணுக்கு என்ன வந்தாலும் கூப்பிடுவது செல்வியைத்தான். என்னைக் கேட்டால் முட்டி டாக்டரிடம் அனுப்பிவிடுவேனாம். இரண்டு வருஷம் கழித்து அவள் தம்பி போன் பண்ணினான். "மாமா, அக்காகிட்ட குடுங்க."

"என்னடா விஷயம்?"

"அக்காகிட்டயே குடுங்க மாமா." போனை அவளிடம் நீட்டினேன்.

"திடீர்னா? ஒரு பக்கமா? அப்பறம் ஏன்டா எங்கிட்ட பேசிகிட்டு நிக்கிற, ஆட்டோவப் புடி!"

நேரத்தோடு ஆபரேஷன் ஆகித் தப்பித்தான். அன்று அவள் போனில் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். ஜன்னலைச் சாத்த எழுந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எதிர்வீட்டிலும் ஆம்பளைகள் இருக்கிறார்களே.