'காயட்டும்' பெயிண்டரும் என் மயில்கழுத்துச் சுவரும்

திருத்தணியில் மனிதர்களைக் காக்க வைப்பதில் மலைமேல் இருக்கும் முருகனுக்கு அடுத்த இடம் எங்கள் தெரு பெயிண்டருக்குத்தான். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. 'காயட்டும்' என்றால் தெரியும். அடித்த சுவர் எப்படி என்று கேட்டால் "காயட்டும்" என்பார். தன் மகளைப் பார்க்க வந்த மாப்பிள்ளை எப்படி என்று கேட்டதற்கும் அதையே சொல்ல, சம்பந்தி வீட்டார் பாதி பஜ்ஜியோடு எழுந்துவிட்டார்களாம்.

என் குழந்தைக்கு மலையில் முடி இறக்க உறவினர்கள் வருமுன், கூடத்துக்கு மயில்கழுத்து நிறம் அடிக்க ஆசைப்பட்டேன்.

"மலையில கீற மயிலு பத்தலியா?" என்றார் மாமியார். கெஞ்சித்தான் சம்மதம் வாங்கினேன்.

காயட்டுமிடம் செல்போனில் படம் காட்டினேன்.

"போன்லயா குடியிருக்கப் போற? துணி குடும்மா."

என் கல்யாணப் புடவையைக் கொடுத்தேன். வெயிலில் பார்த்தார், டியூப்லைட்டில் பார்த்தார், என்ன காரணமோ முகர்ந்தும் பார்த்தார். வெள்ளைப் பெயிண்டில் நீலமும் பச்சையும் சொட்டுச் சொட்டாகக் கலந்து, கதவுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்குத் தடவினார். வெளிறிப்போய் இருந்தது.

"என்னண்ணா, இவ்ளோ வெளுப்பு?"

"ஈரம் அப்டித்தான் பொய் சொல்லும். காயட்டும்."

டீ குடிக்கப் போய்விட்டார். எனக்குத் தாங்கவில்லை. குழந்தைக்கு மருந்து கொடுத்துவிட்டு ஐந்து நிமிடத்துக்கு நான்கு முறை நெற்றியைத் தொட்டுப் பார்ப்பவள் நான். கலப்பதற்கு வைத்திருந்த நீலச் சாய டியூபை எடுத்து அவர் வாளியில் பிதுக்கினேன். பயந்துபோய், சரிக்குச் சரியாகப் பச்சையையும் பிதுக்கினேன்.

ஈரத்தைப் பார்த்தால் மனசு கெடும் என்பது அவர் கொள்கை. ஒருமுறை கலந்த வாளியைத் திரும்பிப் பார்க்கமாட்டார். கதவுக்குப் பின்னால் தடவிய இடத்தை மட்டும் விட்டு, அப்படியே அடித்து முடித்தார்.

மாலையில் சுவர் காய்ந்தது. சுவர் முழுக்க ஏரிப்பாசி.

"கொளத்துக்குள்ள குந்திகினு இருக்காப்ல கீது. இன்னா பெயிண்டரே, கண்ணு போச்சா?" என்றார் மாமியார். அடுத்த வாரம் அவரை வேலைக்குக் கூப்பிட இருந்த எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

காயட்டும் கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அங்கே உள்ளங்கை அகலத்தில் என் கல்யாணப் புடவை அப்படியே இருந்தது. பிறகு என் நகங்களைப் பார்த்தார். நீலம், பச்சை. கையைக் குழந்தையின் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"ஆங்மா. வயசாயிடுச்சு, என் கண்ணுதான்," என்றார் மாமியாரிடம்.

நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். எதிர்வீட்டு அக்கா வேறு ஆளைக் கூப்பிட்டார். அக்காவைப் பார்த்து இன்னும் இரண்டு வீட்டாரும் அப்படியே.

உறவினர்கள் ஊருக்குப் போனதும் பெயிண்டரைத் தேடிப் போய் அழுதேன்.

"தெரியும்மா. கைக்கொழந்தக்காரி, பேச்சு வாங்குவியேன்னு வுட்டேன்."

"அத்தைகிட்ட இன்னைக்கே சொல்லிடறேண்ணா."

"மொதல்ல கண்ணத் தொடச்சிக்கோ. அது காயட்டும்."

மாதங்கள் ஆகின்றன, இன்னும் சொல்லவில்லை. மாமியார் இந்த இதழை ஒரு வரி விடாமல் படிப்பவர். எதிர்வீட்டு அக்கா அதை இரவல் வாங்கிப் படிப்பவர். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். பெயிண்டர் கண் தவறவில்லை, தவறியது என் கை. சந்தேகம் இருப்பவர்கள் எங்கள் கதவுக்குப் பின்னால் வந்து பார்க்கலாம்.

அந்த உள்ளங்கை அகலத்தை மட்டும் நான் ஈரத்துணியால் துடைப்பதில்லை.