ஆறு தடவை வைத்த கட்டைவிரல்

மனைவி யுவராணிக்குத் தெரியாமல் டில்லிபாபு தன் வாழ்க்கையில் செய்த காரியம் ஒன்றே ஒன்றுதான். அதற்காகத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கட்டில் நுனியில் கைதியாக உட்கார்ந்திருந்தான்.

கைது செய்தவர் செல்போனுக்குள் இருந்தார். காக்கிச் சட்டை, பெரிய மீசை. மீசைக்குக் கீழிருந்து சட்டம் பொழிந்தது.

“மிஸ்டர் டில்லிபாபு, உங்கள் பெயரில் ரகசியமாக ஒரு சிம் இயங்குகிறது. அதை வைத்துப் பெரிய குற்றம் நடந்திருக்கிறது. இப்போது நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள். கேமராவை விட்டு நகரக் கூடாது. மனைவியிடம் மூச்சு விடக் கூடாது.”

ஆதார் எண்ணைச் சொன்னார். அப்பா பெயரைச் சொன்னார். வீட்டில் மூன்று வயதுப் பெண்குழந்தை இருப்பதையும் சொன்னார். டில்லிபாபு எழுந்து ஜன்னலைச் சாத்தலாமா என்று நினைத்தான். சாத்தி என்ன பயன்? ஆள்தான் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டாரே!

வேறு யாராவது என்றால் ‘போய்யா’ என்று போனை வைத்திருப்பார்கள். டில்லிபாபுவால் முடியவில்லை. ரகசிய சிம் நிஜமாகவே இருந்தது.

அவன் நம்பருக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. யுவராணியின் நம்பருக்குப் பேச மட்டும்தான் ரீசார்ஜ். ஆகவே ஹால் டிவியில் அவள் சீரியலும் குழந்தை நிஷாவின் கார்ட்டூனும் அவனுடைய ஹாட்ஸ்பாட்டில்தான் ஓடும். அவன் அம்பத்தூர் எஸ்டேட்டில் கிரைண்டிங் பட்டறைக்குக் கிளம்பும்போது டேட்டா குற்றுயிராக இருக்கும். மதியம் எல்லாரும் போனைப் பார்த்துச் சாப்பிடுவார்கள். அவன் மட்டும் சாப்பாட்டைப் பார்த்துச் சாப்பிடுவான். எத்தனை நாளைக்குத்தான் அந்த உப்புமாவையே பார்ப்பது? எஸ்டேட் வாசலில் குடை போட்டு விற்றவனிடம் சத்தமில்லாமல் ஒரு சிம் வாங்கிவிட்டான். வீட்டில் இருக்கும்போது அது ஹெல்மெட் பஞ்சுக்குள் தூங்கும்.

“கை ரேகை வைத்துத்தானே வாங்கினீர்கள்?” என்றார் மீசை.

டில்லிபாபு தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தான். கிரைண்டிங்கில் தேய்ந்த விரல் அவனுடையது. போன வருடம் யுவராணியையும் கூட்டிக்கொண்டு போய், கரையான்சாவடிக் கடையில் அவளுக்குத் தன் பேரில் சிம் வாங்கியபோது, “ரேகை வுழலண்ணா, இன்னொரு தபா வையி” என்று ஆறு தடவை வைக்கச் சொன்னார்கள். ஒரு சிம்முக்கு ஒரு ரேகை. மீதி ஐந்து ரேகையும் இப்போது எந்த ஊரில், என்ன செய்துகொண்டிருக்கின்றனவோ!

திடீரென்று மீசை உறைந்தது. ஒரு வட்டம் சுற்றியது. படம் போய்விட்டது.

அடுத்த நிமிடம் சாதாரண அழைப்பு. “காவலிலிருந்து தப்பி ஓடுகிறீர்களா?”

“இல்ல சார்! டேட்டா தீந்துபோச்சு சார்!”

“அந்த இன்னொரு சிம்மைப் போடுங்கள். இரண்டு நிமிடம். இல்லையென்றால் வாசலில் ஜீப் நிற்கும்.”

ஹெல்மெட்டைப் பிய்த்து சிம்மை எடுத்துவிட்டான். போனில் சிம் போடும் துளையைக் குத்த ஊசி இல்லை. வேறு வழியில்லாமல் குரல் கொடுத்தான்.

“ராணி... ஒரு ஊக்கு குடேன்.”

யுவராணி மீன் கழுவிய கையோடு வந்து நின்றாள். ஹாலில் நிஷாவின் கார்ட்டூன் பாடிக்கொண்டே இருந்தது.

“இன்னா மாமா, இப்டி வேர்த்து கொட்டுது? யாரு போன்ல?”

“பேசாதே ராணி. நான் அரஸ்ட் ஆயிட்டேன்.”

“எங்க?”

“இங்கதான்.”

அவள் அவனைப் பார்த்தாள், சிம்மைப் பார்த்தாள், போனைப் பிடுங்கினாள்.

“யாரு சார் நீ?”

“போலீஸ் அதிகாரி. உங்கள் கணவர் பெரிய குற்றவாளி.”

“அப்டியா? அண்ணனூர் ஸ்டேஷன்ல எறங்கி கார் ஷெட்டு பக்கமா வா சார், கூட்டினு போ. எத்தினி பேரு வர்றீங்கனு மட்டும் இப்பவே சொல்லு, அரிசி போடணும்.”

மறுமுனை கட்டானது.

“போலீஸ் போன்லலாம் புடிக்காது மாமா. பணத்துக்குத்தான் அடி போட்டுகினு இருந்தான். சரி, இது இன்னா சிம்மு?”

டில்லிபாபு உப்புமாவிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் ஒப்பித்தான். அவள் திட்டவில்லை. அதுவே அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

“உன் பேருல எத்தினி நம்பர் கீதுனு அரசாங்க சைட்டுலயே பாக்கலாம். ஓடிபி வரும், சொல்லு,” என்று தன் போனை எடுத்தாள். பட்டியல் வந்தது. அவன் நம்பர். அவள் நம்பர். ஹெல்மெட் நம்பர்.

நான்காவதாக ஒரு நம்பர்.

டில்லிபாபு அலறினான். “ஐயோ! அவன் சொன்னது நெசந்தான் ராணி! எவனோ என் பேர்ல சிம் வெச்சிகினு இன்னா பண்றானோ! கொழந்த இருக்கற ஊடு!”

பக்கத்திலேயே ‘இது என் எண் இல்லை’ என்று ஒரு பொத்தான் இருந்தது. கட்டைவிரலை நீட்டினான். யுவராணி பாய்ந்து அந்த விரலைப் பிடித்தாள்.

“அத்த அமுக்காத மாமா.”

“ஏன்?”

அவள் விரலை விடாமல் ஹால் பக்கம் திரும்பினாள். ஹாலில் கார்ட்டூன் இன்னும் பாடிக்கொண்டிருந்தது. அவனுடைய டேட்டா செத்து அரை மணி நேரம் ஆகியிருந்தது.

“ராணி, அது எப்டி ஓடுது?”

“அது என் சிம்மு. அவசரத்துக்கு இருக்கட்டும்னு வாங்கி வெச்சேன்.”

“அப்பறம் ஏன் தெனமும் என் ஹாட்ஸ்பாட்டு?”

“என்னுத எடுத்தா என்னுது தீந்துடாதா?”

“என் பேர்ல எப்டி வாங்கின? கரையான்சாவடில ஒரு சிம்முக்கே நான் ஆறு தபா கை வெச்சனே!”

யுவராணி அவன் கட்டைவிரலை முந்தானையால் அன்பாகத் துடைத்துவிட்டாள்.

“மொத சிம்முக்கு உன் ரேகை மொத தபாவே வுழுந்துடுச்சி மாமா.”