புல்டோசர்க்காரன் மாற்றிய ஆயில்

எங்கள் ஊரான கோலார் தங்க வயலில் ஸ்பானரைச் சரியாகப் பிடிக்கத் தெரிந்தவன் எல்லாம் இன்ஜினியர். பிடிக்கத் தெரியாதவன் சூப்பர்வைசர். நான் முதல் ரகம். கனரக வாகனத் தொழிற்சாலை ஒன்றில் புல்டோசர் அசெம்பிளியில் வேலை. பத்தொன்பது வருடங்களில் எத்தனையோ என்ஜின்களுக்கு உயிர் கொடுத்திருக்கிறேன். உயிரை எடுத்தது ஒரே ஒரு என்ஜினிடமிருந்துதான். அது என் மச்சானுடைய ஸ்போர்ட்ஸ் கார் என்ஜின். அதையும் அவனுடைய நிச்சயதார்த்தத்தன்று காலையில், புதுச்சட்டை போட்டுக்கொண்டு எடுத்தேன்.

மச்சான் என்றால் என் மனைவி கலாவின் தம்பி பிரவீன். மாரிகுப்பத்தில் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிற ஆயிரம் பேரில் ஒருவன். அக்கா கல்யாணம் (அதாவது என் கல்யாணம்), அப்பாவின் கண் ஆபரேஷன், வீட்டுக்கு மாடி எல்லாவற்றையும் முடித்த பிறகு தனக்கென்று அவன் வாங்கிய முதல் பொருள் அந்தக் கார். செகண்ட் ஹேண்ட்தான். சிவப்பு நிறம், இரண்டே இருக்கை. சின்ன வயதில் நோட்டுப் புத்தக அட்டையில் ஒட்டிவைத்திருந்த அதே மாடல் என்று சொன்னான். அதைத் தொடும்போதெல்லாம் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டுதான் தொடுவான். இதையெல்லாம் தெரிந்துகொண்டே நான் அதில் கை வைத்தேன் என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு வலிக்கிற இடம்.

பெண் பூதிகோட்டையில். தக்காளி விவசாயக் குடும்பம். பிரவீன் அந்தக் காரிலேயே நிச்சயதார்த்தத்துக்குப் போக ஆசைப்பட்டான். அதற்கு முன்னால் பெங்களூரில் சர்வீஸுக்கு விட்டு ஆயில் மாற்றிவிட்டு வருகிறேன் என்றான். சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்திருந்த எனக்கு அது தன்மானப் பிரச்சினையாகப் பட்டது.

"ஆயில் மாத்தறதுக்கு பெங்களூரா? நான் இன்னாத்துக்கு இருக்கேன்?" என்றேன்.

"இல்ல மாமா, இது வேற மாதிரி வண்டி."

"ஆயில்னா ஆயில்தான் மச்சான். பக்கெட் பக்கெட்டா ஊத்தற கை இது."

கலா ரசம் ஊற்றிக்கொண்டே, "உங்களுக்கு இந்த வேலை இன்னாத்துக்குங்க? தெரிஞ்சவங்க பண்ணட்டும்" என்றாள். தெரிந்தவன் நான்தான் என்று அவளுக்கு நிரூபிக்க வேண்டிய கட்டாயம் அந்த நிமிடம்தான் வந்தது. பிரவீன் அக்காவின் முகத்தைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், தலையை ஆட்டினான். அக்கா புருஷன் வாய்விட்டுக் கேட்டதை மறுத்துப் பேசும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. சரியான ஆயிலையும் ஃபில்டரையும் அவனே பெங்களூரிலிருந்து வாங்கி வந்து கொடுத்தான். சனிக்கிழமை காலை கார் சாவியை என் கையில் வைத்துவிட்டு மோதிரம் வாங்கப் போனான்.

மாமனார் வீடு நந்திதுர்க் சுரங்கம் பக்கம். வாசலில் காரை நிறுத்தி, பானெட்டைத் திறந்தேன். என்ஜின் இல்லை. வெறும் பள்ளம். (சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நொடி யாரோ திருடிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.) அந்தக் காரில் டிக்கி முன்னால், என்ஜின் பின்னால் என்பது அப்போதுதான் தெரிந்தது. யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றிலும் பார்த்துவிட்டு மெதுவாக மூடினேன்.

அடுத்த சங்கடம் உயரம். எங்கள் புல்டோசருக்கு அடியில் நான் உட்கார்ந்து டீ குடிக்கலாம். இந்தக் காருக்கு அடியில் கையே போகவில்லை. செங்கல்லும் பலகையும் அடுக்கி ஏற்றினேன். அடியில் ஒரு பிளாஸ்டிக் தகடு, அதற்கு எண்ணிலடங்காத திருகாணிகள். அதைக் கழற்றவே பாதி நாள் போய்விட்டது. பழைய ஆயிலை இறக்கி, ஃபில்டரை மாற்றி, அடி போல்ட்டை முறுக்கி, தகட்டை மாட்டி, காரைக் கீழே இறக்கி முடிக்கவும் எனக்கு இரண்டாம் ஷிப்ட் பஸ் வரவும் சரியாக இருந்தது. புது ஆயில் ஊற்ற வேண்டியதுதான் பாக்கி.

எங்கள் தொழிற்சாலையில் இதற்கெல்லாம் பதற மாட்டோம். வேலை பாதியில் நிற்கும்போது ஷிப்ட் முடிந்தால் ஒரு சீட்டு எழுதி ஸ்டீயரிங்கில் கட்டிவிட்டுப் போய்விடுவோம். அடுத்த ஷிப்ட்காரர் படித்துப் பார்த்து மீதியை முடிப்பார், சீட்டைக் கிழித்துப் போடுவார். சீட்டு இல்லை என்றால் வேலை முடிந்தது என்று அர்த்தம். பத்தொன்பது வருடம் சோறு போட்ட முறை. ஆகவே நான், "ஆயில் இறக்கியாச்சு. ஊற்ற வேண்டும்" என்று கொட்டை எழுத்தில் எழுதி ஸ்டீயரிங்கில் கட்டினேன். ஆயில் கேன்களைப் பக்கத்திலேயே வரிசையாக வைத்தேன்.

"மாமா, சீட்டு கட்டியிருக்கேன்" என்று மாமனாரிடம் சொன்னேன்.

"சரி மாப்ள" என்றார்.

ஷிப்ட் மாறியாகிவிட்டது என்ற நிம்மதியோடு பஸ் ஏறினேன். பிரவீன் போனில், "முடிஞ்சுதா மாமா?" என்று கேட்டபோது, "முடிஞ்ச மாதிரிதான்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்து வந்து பார்த்தேன். கார் கழுவிப் பளபளவென்று நின்றது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், நெற்றியில் மஞ்சள் குங்குமம். ஸ்டீயரிங்கில் சீட்டு இல்லை. கேன்களும் இல்லை. மாமனாரைப் பற்றி எனக்குப் பெருமையாக இருந்தது. ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவிப் பார்க்க அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்தை நான் மீசையைச் சரிசெய்வதில் செலவழித்தேன்.

பெண்களும் மாமனாரும் தட்டு வரிசையோடு வேனில் முன்னால் போய்விட்டார்கள். பத்தரைக்குள் தட்டு மாற்ற வேண்டும். மூத்த மாப்பிள்ளை என்பதால் மாப்பிள்ளை வீட்டுச் சார்பில் தட்டு மாற்றுவது நான். அதனால் காரின் இன்னொரு இருக்கை எனக்குத்தான் என்று நானே முடிவு செய்திருந்தேன்.

பிரவீன் ஸ்டார்ட் செய்தான். தெரு அதிர்ந்தது. நாலு வீட்டுக் கதவு திறந்தது. கூடவே மீட்டருக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு விளக்கு எரிந்தது.

"மாமா, ஆயில் லைட்டு எரியுது."

இங்கே நான் சொன்ன பதிலை வாசகர்கள் மன்னிக்க வேண்டும். "புது ஆயில் இல்லையா மச்சான்? எல்லா இடத்துக்கும் போய்ச் சேர வேணாமா? கொஞ்சம் ஓடட்டும், தானா அணைஞ்சுடும்" என்றேன்.

அவன் நம்பினான். அவன் அக்காவை எனக்குக் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள், வேறென்ன செய்வான்?

பங்காரப்பேட்டை ரோட்டில் கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தது. பிரவீன் என்னைப் பார்த்தான். "பெட்ரோல் வண்டின்னா அப்படித்தான் பேசும்" என்றேன். (நான் வேலை பார்ப்பது டீசல் வண்டியில். பெட்ரோல் வண்டி எப்படிப் பேசும் என்று எனக்கு எப்படித் தெரியும்?) டிக் டிக் கொஞ்ச நேரத்தில் டக் டக் ஆனது. பிரவீன் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பதற்குள், பின்னால் சம்மட்டியால் ஓங்கி அடித்ததுபோல் ஒரு சத்தம் கேட்டது. கார் தன் போக்கில் உருண்டு ஒரு புளியமரத்தடியில் நின்றது. அதற்கப்புறம் சத்தமே இல்லை.

இறங்கிப் பின்பக்கம் திறந்தோம். சூடு முகத்தில் அடித்தது. நான் கம்பியை உருவி என் வெள்ளைக் கைக்குட்டையில் துடைத்தேன். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. பிரவீன் எச்சரிக்கைப் பலகை எடுத்து ரோட்டில் வைக்கலாம் என்று முன் டிக்கியைத் திறந்தான். உள்ளே ஆயில் கேன்கள் சீல் உடையாமல் உட்கார்ந்திருந்தன. மேலே மடித்துவைத்த என் சீட்டு. காருக்கு வேண்டிய ஆயில் முழுவதும் காரில்தான் இருந்தது, என்ஜினைத் தவிர.

மாமனாருக்கு போன் போட்டேன்.

"மாமா, ஆயில் ஊத்தலையா?"

"நான் இன்னாத்துக்கு ஊத்தறேன்? அது உங்க வேலையாச்சே மாப்ள."

"சீட்டு கட்டியிருந்தேனே மாமா."

"பாத்தேன். வண்டி கழுவறப்போ நனைஞ்சுடப் போகுதுன்னு பத்திரமா டிக்கியில வெச்சேன். ஆயிலும் அங்கதான் கீது. நீங்க வந்து ஊத்தியிருப்பீங்கன்னு நெனச்சேன்."

மாமனார் சுரங்கத்தில் ஆட்கள் போகிற கேஜ் என்ற கூண்டை ஏற்றி இறக்குகிற வைண்டிங் என்ஜின் டிரைவராக இருந்தவர். கீழே இருக்கிற ஆள் மணி அடிக்காமல் லிவரில் கை வைக்கக் கூடாது. அடுத்தவன் ஆரம்பித்த வேலையில் அவன் கேட்காமல் கை போட்டால் யாராவது சாவார்கள். முப்பது வருடம் அப்படி இருந்து, ஒரு உயிர் போகாமல் பார்த்துக்கொண்ட மனிதர். எங்கள் தொழிற்சாலையில் வேலையைப் பாதியில் விட்டுப் போவது முறை. அவர்கள் சுரங்கத்தில் பாதி வேலையைத் தொடாமல் இருப்பது முறை. இரண்டு முறைக்கும் நடுவில் பிரவீனின் கார் மாட்டிக்கொண்டது. ஆனால் அவர் மீது பழி போட எனக்கு வாய் வரவில்லை. கம்பியை உருவிப் பார்க்காமல் விட்டது அவர் இல்லை. விளக்கு எரிந்தபோது ஓட்டச் சொன்னதும் அவர் இல்லை.

நான் மச்சானிடம், "என்னை நாலு வார்த்தை திட்டிடு" என்றேன். அவன் காரின் கூரை மேல் கை வைத்தபடி நின்றிருந்தான். கையைத் துடைத்துக்கொள்ளவில்லை. "டைம் ஆகுது மாமா" என்றான். நான் அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை, மீசை அதற்கு ஒத்துழைக்கவில்லை.

கோலார் மார்க்கெட்டில் லோடு இறக்கிவிட்டுக் காலிப் பெட்டிகளோடு ஒரு டெம்போ வந்தது. கை காட்டினோம். "எல்லிகே சார்?" என்று எங்கே போகிறோம் எனக் கன்னடத்தில் கேட்டார் டிரைவர். பூதிகோட்டை என்றதும், "ஹத்தி, ஹத்தி" என்று பின்னால் ஏறச் சொன்னார். முன்னால் ஏற்கெனவே மூன்று பேர். பட்டு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளையும், தட்டு மாற்ற வேண்டியவனும் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு போனோம். நசுங்கிய தக்காளி மேல் நான் இரண்டு முறை உட்கார்ந்தேன்.

பெண் வீட்டு வாசலில் நாதஸ்வரக்காரர் எங்களைப் பார்த்ததும் வாசிப்பதை நிறுத்தினார். பந்தல் மொத்தமும் திரும்பியது. ஸ்போர்ட்ஸ் காரைப் பார்க்க வந்திருந்த கூட்டம் வேறு. பெண்ணின் அப்பா வேகமாக முன்னால் வந்தார்.

"இன்னா ஆச்சு மாப்ள? காரு எங்க?"

கலா என்னையே பார்த்தாள். மாமனார் பந்தல்காலைப் பார்த்தார். உண்மையைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன் (திறந்தேன் என்றுதான் இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்). அதற்குள் பிரவீன் பேசிவிட்டான்.

"நான்தான் மாமா. ஆயில இறக்கிட்டு திரும்ப ஊத்த மறந்துட்டேன். அக்கா வீட்டு மாமா அப்பவே கேட்டாரு, ஊத்திட்டியான்னு. நான்தான் கவனிக்கல."

பந்தலே சிரித்தது. பெண்ணும் சிரித்தாள். "கம்ப்யூட்டர் படிச்ச புள்ள, அவ்வளவுதான் தெரியும்" என்று ஒரு பெரியவர் தீர்ப்புச் சொன்னார். பத்தரைக்கு ஐந்து நிமிடம் இருக்கையில், முதுகில் தக்காளிக் கறையோடு நான் தட்டு மாற்றினேன். தலையை நிமிர்த்தவே இல்லை. பொறுப்பின் கனம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

திரும்பும்போது வேனில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏன் மச்சான் அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"ஆயில் ஊத்த மறந்தவர் கையால தட்டு வாங்குவாங்களா மாமா? நான் மாப்ள. என்னைப் பாத்து சிரிப்பாங்க, திருப்பி அனுப்ப மாட்டாங்க."

கார் பிழைக்கவில்லை. பெங்களூரில் என்ஜினைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக், உள்ளே நல்லதாக இருப்பதைச் சொன்னால் சீக்கிரம் முடிந்துவிடும் என்றாராம். பிரவீன் அதை உதிரிபாகத்துக்குக் கொடுத்துவிட்டு மறுபடி மாரிகுப்பம் ரயிலில் போகிறான். வேறு கார் வாங்கவில்லை. குழந்தை பிறந்துவிட்டது, இரண்டு இருக்கை போதாது என்று அவனே காரணமும் சொல்லிக்கொள்கிறான்.

பூதிகோட்டையில் மட்டும் அந்தக் கார் இன்னும் ஓடுகிறது. மாப்பிள்ளை உள்ளே நுழைந்தாலே, "ஆயில் இருக்கா மாப்ள?" என்று சின்னக் குழந்தைகள்வரை கேட்கிறார்கள். தோசைக்கல்லுக்கு எண்ணெய் தேய்க்கும்போதும் அவனைக் கூப்பிட்டுக் காட்டுகிறார்கள். அவன் சிரித்துக்கொள்வான். ஆறு வருடம் நானும் கூடவே சிரித்தேன்.

போன வருடம் அவன் மகளுக்குக் காது குத்தும்போது எனக்குப் பொறுக்கவில்லை. எல்லோரும் கூடியிருந்த இடத்தில் எழுந்து நின்று, சீட்டு, டிக்கி, கம்பி, விளக்கு, ஒன்று விடாமல் ஒப்புக்கொண்டேன். யாரும் சிரிக்கவில்லை. பிரவீனின் மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து என் கையைப் பிடித்தார்.

"மச்சான் மானத்தைக் காப்பாத்த, தன் தலையில பழியைப் போட்டுக்கிறாரு பாருங்க. பத்தொன்பது வருஷம் என்ஜின் பாத்த மனுஷன் ஆயில் ஊத்த மறப்பாரா?"

கலாவைப் பார்த்தேன். "உங்க சாமர்த்தியம் வேற யாருக்கும் வராது" என்று மட்டும் சொன்னாள். மாமனார் அன்றும் பந்தல்காலைத்தான் பார்த்தார்.

அன்றிலிருந்து பூதிகோட்டையில் எந்த விசேஷமானாலும் முதல் பந்தியில் முதல் இலை எனக்கு. பக்கத்து இலையில் பிரவீன் உட்காருகிறான். எனக்கு நெய் ஊற்றுகிறவர்கள் அவனிடம் திரும்பி, "ஊத்தட்டுமா, இல்ல மறந்துடட்டுமா மாப்ள?" என்று கேட்கிறார்கள். அவன் ஒவ்வொரு முறையும், புதிதாகக் கேட்பதுபோல் சிரிக்கிறான்.