வேலாண்டி வாங்காத அலைகாட்டி

ஒரு காட்டில், செல்போன் கோபுரத்துக்குப் பின்னால் இறங்கும் சரிவில், வேலாண்டி என்ற முள்ளம்பன்றி தன் மனைவி கூரம்மாளுடன் குடியிருந்தது. மற்ற முள்ளம்பன்றிகள் கிழங்கு தோண்டின. வேலாண்டியும் தோண்டியது. ஆனால் மனசு முழுக்க மின்னணுச் சாமான்களிலேயே இருந்தது. மலையேற வருகிறவர்கள் போட்டுவிட்டுப் போகும் ரேடியோ, டார்ச், பழைய சார்ஜர் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு, ஈயத்தை உருக்கி ஒட்டி, புதிதாக ஏதாவது செய்துகொண்டிருக்கும். செய்ததில் பாதி புகைந்தது. மீதிப் பாதி புகையக்கூட இல்லை.

செம்புலிங்கம் என்ற சிறுத்தை அந்தச் சரிவுக்குக் குடிவந்த பிறகு இந்தப் பொழுதுபோக்கு உயிர்ப் பிரச்சினை ஆகிவிட்டது. காலடி அதிர்ந்தால் தானாக அடிக்கும் மணி ஒன்றைச் செய்து வளை வாசலில் புதைத்தது வேலாண்டி. பக்கத்து வளையில் இருந்த பஞ்சநாதன் என்ற முயலும் அதே மின்சுற்று வரைபடத்தைப் பார்த்து அதே மணியைச் செய்தது. இரண்டு மணிக்கும் ஒரே கிறுக்கு. சருகு விழுந்தால் ஊரைக் கூட்டின. யானை நடந்தால் கம்மென்று கிடந்தன.

“மீட்டர் வச்சுப் பார்த்தா அஞ்சு வோல்ட்டு சுத்தமா இருக்குண்ணே. ஆனா உள்ள ஏதோ துடிக்குது,” என்றது பஞ்சநாதன்.

“மீட்டருக்குத் துடிப்பு தெரியாது பஞ்சு. அதுக்கு அலைகாட்டி வேணும்.”

அலைகாட்டி என்றால் ஆசிலோஸ்கோப். கம்பிக்குள் மின்சாரம் எப்படி ஏறி இறங்குகிறது என்று திரையில் கோடாகப் போட்டுக் காட்டும் பெட்டி.

“அப்ப ஆளுக்கு ஒண்ணு வாங்கிருவோம்.”

“அவசரப்படாத. நாலு பேரை விசாரிச்சுத்தான் வாங்கணும்.”

முயலுக்குப் பொறுமை ஏது? அன்றைக்கே ஆற்றோரச் சந்தைக்கு ஓடி, உள்ளங்கை அகலத்தில் இருந்த மலிவுப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தது. வேலாண்டியோ வளைக்குள் சாய்ந்து உட்கார்ந்து, ‘கானக மின்னணு அன்பர்கள்’ என்ற செல்போன் குழுவில் ஒரு கேள்வி போட்டது: “பொழுதுபோக்குக்கு நல்ல அலைகாட்டி எது? தெரிந்தவர்கள் சொல்லவும்.”

பாசி பிடித்துக் கிடந்த குழு பொங்கி வழிந்தது.

கண்ணாயிரம் என்ற ஆந்தை முதலில் வந்தது. “இருநூறு மெகாஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ளது அலைகாட்டி அல்ல, விளையாட்டுச் சாமான்,” என்று எழுதியது.

“ஐயா, நான் பார்க்கப்போவது ஒரு மணியைத்தான்,” என்று பணிவாகப் பதில் எழுதியது வேலாண்டி.

“இன்று மணி. நாளை செயற்கைக்கோள் செய்ய ஆசை வந்தால்?”

வேலாண்டிக்கு மயிர்க்கூச்செறிந்தது. முள்ளம்பன்றிக்கு அது சின்ன விஷயம் இல்லை. கூரம்மாள் ஒதுங்கிக்கொண்டாள். செயற்கைக்கோள்! அப்படி ஒரு ஆசை தனக்கு இருந்தது அதற்கே அதுவரை தெரியாது.

அடுத்தது கொம்பையா என்ற குரங்கு. பெட்டி பிரிக்கும் காணொளி போடுவதில் அதை அடிக்க ஆள் கிடையாது. பெட்டியைப் பிரிக்கும், உள்ளே இருக்கும் நுரை அட்டையைத் தின்னும், “வேற லெவல் நண்பர்களே” என்று சொல்லும், அத்தோடு காணொளி முடிந்துவிடும். எந்தப் பெட்டியையும் அது மின்சாரத்தில் செருகியதாகச் சரித்திரம் இல்லை. வேலாண்டி அத்தனை காணொளிகளையும் பார்த்தது. பழைய கண்ணாடிக்குழாய் மாடல்தான் உசத்தி என்று ஒரு கூட்டம், கணினியில் செருகுவதே புத்திசாலித்தனம் என்று இன்னொரு கூட்டம். கிழங்கு தோண்டும் வேலை கூரம்மாள் தலையில் விழுந்தது.

“ஏங்க, அந்த முயல் வாங்கி வந்து வேலையையே ஆரம்பிச்சிருச்சு,” என்றாள்.

“அதோட பெட்டியில ஒரே ஒரு சேனல்தான், ஒரு நேரத்துல ஒரு கம்பியைத்தான் பார்க்கலாம். பின்னாடி வருத்தப்படும் பாரு.”

முயல் வருத்தப்படவில்லை. மலிவுப் பெட்டியின் ஊசியை மணியின் கம்பியில் வைத்ததும் திரையில் கோடு முள்முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றது. மின்சாரம் வரும் வழியிலேயே அழுக்கு! துடிப்பை அடக்கும் கெப்பாசிட்டர் ஒன்றை எடுத்துக் குறுக்கே வைத்து ஒட்டியது. முள்ளெல்லாம் உதிர்ந்து கோடு தெப்பக்குளத்துத் தண்ணீராய் அடங்கிவிட்டது. சருகு விழுந்தது, மணி சும்மா இருந்தது.

“அண்ணே, சரியாயிருச்சுண்ணே!” என்று பஞ்சநாதன் குதித்தது. வேலாண்டிக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. இதுவல்லவோ புத்தி என்று நீங்களும் நினைப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

மறுநாள் அந்தி சாயும் நேரம். செம்புலிங்கம் சரிவில் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே ஒரு முயல் வளை இருப்பதே அதற்குத் தெரியாது. பஞ்சநாதனின் மணிதான் காலடியைத் துல்லியமாக உணர்ந்து, மலைக்கு மலை எதிரொலிக்கக் கணகணவென்று அடித்துச் சொன்னது. சிறுத்தை நின்றது. சத்தம் வந்த புதரை விலக்கிப் பார்த்தது. அப்புறம் என்ன, முயல் கதை முடிந்தது.

குழுவில் இரங்கல் செய்திகள் குவிந்தன. “ஆழ்ந்த அனுதாபங்கள். வாங்கும் முன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்,” என்றது ஆந்தை. “அந்த மாடலில் திரையும் கொஞ்சம் மங்கல்தான்,” என்றது குரங்கு. வேலாண்டி வாய்விட்டு அழுதது. அழுது முடித்து, நான்கு சேனல் பெட்டிகளைப் பற்றி இன்னொரு கேள்வி போட்டது.

ஒரு வாரம் கழித்தும் வந்த பதில்களைப் படித்துக்கொண்டு வளை வாசலில் அது உட்கார்ந்திருந்தபோது முன்னால் நிழல் விழுந்தது. மணி அடிக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் செம்புலிங்கம். சிறுத்தைக்கு முள்ளம்பன்றியை எப்படிப் புரட்ட வேண்டும், வயிற்றில் எங்கே கடிக்க வேண்டும் என்பதெல்லாம் அத்துப்படி. ஒரே தட்டில் வேலாண்டியை மல்லாத்தியது. கையிலிருந்த செல்போன் தெறித்து விழுந்தது. வெளிச்சமாகக் கிடந்த திரையைச் சிறுத்தை எட்டிப் பார்த்தது.

“நாலு சேனலா? நாலு சேனல் எதுக்குய்யா உனக்கு?”

“ஐயா... பின்னாடி தேவைப்படும்னு...”

“எவன் சொன்னான்? ரெண்டு தாராளம். அந்த முயல் வீட்டுல ஒரு பெட்டி கிடந்துச்சு, எடுத்துட்டுப் போய் ஒரு வாரமா நோண்டிக்கிட்டு இருக்கேன். இந்தக் காட்டுல என்னைவிட அதைப் பத்தித் தெரிஞ்சவன் எவனும் இல்ல. உட்காரு, சொல்றேன்.”

வேலாண்டி புரண்டு உட்கார்ந்தது. சிறுத்தை சொல்ல ஆரம்பித்தது. அலைவரிசை, மாதிரி எடுக்கும் வேகம், திரையின் அளவு, பொத்தானைத் திருகும்போது வரும் சுகம் என்று போய்க்கொண்டே இருந்தது. வயிற்றில் பசி உறுமினால் வாலால் அதட்டிவிட்டு மேலே பேசியது. வேலாண்டிக்கோ பயம் போய் பக்தி வந்துவிட்டது. இவ்வளவு தெளிவாக ஒருவரும் அதற்குச் சொன்னதில்லை.

கடைசியில் செம்புலிங்கம் நாக்கால் மீசையைத் தடவிக்கொண்டு கேட்டது: “சரி. இப்ப முடிவு பண்ணிட்டியா?”

“பண்ணிட்டேங்கய்யா!” என்றது வேலாண்டி நெகிழ்ந்துபோய். “நீங்க சொன்ன அந்த ரெண்டு சேனல்...”

சிறுத்தையின் நகங்கள் மெதுவாக வெளியே வந்தன.

“ஏங்க!” என்று வளைக்குள்ளிருந்து கூரம்மாள் அலறினாள். “ப்ரோப்! கம்பியில வைக்கிற ஊசி! எந்த ப்ரோப் வாங்கறதுன்னு ஐயாகிட்ட கேட்கவே இல்லையே நீங்க!”

நகங்கள் உள்ளே போயின. செம்புலிங்கத்தின் கண்ணில் ஒரு ஒளி.

“நல்ல கேள்வி. வீட்டுல இருக்கறவங்களுக்காவது விவரம் இருக்கு. ஆனா அது பெரிய விஷயம்மா, நின்னுக்கிட்டே சொல்ற சமாச்சாரம் இல்ல. நாளைக்கு வரேன்.”

சொன்னபடி மறுநாள் வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது. ப்ரோப் முடிந்தால் மின்கலம், அது முடிந்தால் உத்தரவாதம் என்று கூரம்மாள் தினம் ஒரு சந்தேகத்தைப் பொறுக்கி வைத்தாள். புது மாடல் ஒன்று சந்தைக்கு வந்துவிட்டால் அவள் நிம்மதியாகத் தூங்கினாள். சங்கதி பரவியது. மான்கள் எந்த இன்வெர்ட்டர் நல்லது என்று கேட்க வரிசையில் நின்றன. குழுவுக்குச் செம்புலிங்கம் தலைவர் ஆனது, ஆந்தை துணைத்தலைவர். ‘எனக்கு இருக்கறதே போதும்’ என்று சொல்லிவிட்டுப் போன காட்டுப்பன்றி ஒன்றை மட்டும் சிறுத்தை ஒரே அறையில் தீர்த்தது.

வேலாண்டி இன்றும் சௌக்கியம். ஒரு அலையையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று சில நாள் அதற்கு ஏக்கம் வரும். வாய்விட்டுச் சொன்னால் கூரம்மாள் முள்ளால் ஒரு குத்து குத்துவாள்.

நீதி: அறிவுரையைக் கேட்டு முடித்தவன் இரையாவான்; கேட்டுக்கொண்டே இருப்பவன் கிழவனாவான்.