முட்டி பதினாறு, படி பதினெட்டு

செஞ்சியின் மேல் எத்தனையோ பேர் படையெடுத்திருக்கிறார்கள். ஆனால் கழுத்தில் இன்ச் டேப்போடு டவுன் பஸ்ஸின் மேல் படையெடுத்த ஒரே ஆள் எங்கள் ‘டேப்பு’தான்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் ஜெராக்ஸ் கடை. பக்கத்துக் கடை டெய்லர் அவர். குளிக்கும்போதாவது டேப்பைக் கழற்றுவாரா என்பது அவர் சம்சாரத்துக்கே சந்தேகம். ஆள் ஆறடிக்கு மேல். பஸ்ஸில் முதல் படி என்று ஒன்று இருப்பதே அவர் காலுக்குத் தெரியாது.

வம்பு என் அம்மாவால் வந்தது. சிங்கவரத்திலிருந்து மாதா மாதம் செஞ்சி ஆஸ்பத்திரிக்கு வந்து டாக்டரிடம் ஆளைக் காட்டினால்தான் சர்க்கரை மாத்திரை கிடைக்கும். பெண்களுக்கு பஸ்ஸோ இலவசம். ஏறினால் இலவசம், ஏறத்தான் முடியவில்லை. முட்டி வலியோடு அம்மா கம்பியைத் தேடிப் பிடிப்பதற்குள் கண்டக்டர் விசிலடித்துவிடுவார். என் பைக்கில் ஏறவும் அதே முட்டிதானே வேண்டும்? ஆட்டோ வைக்கிறேன் என்றால், "ஓசி பஸ் போவும்போது ஆட்டோ எதுக்குடா?" என்பாள். இரண்டு மாதம் மாத்திரை இல்லாமல் ஒரு நாள் கிறுகிறுத்து விழுந்தே விட்டாள்.

"யக்கா இன்னாப்பா ஜாக்கெட்டு தைக்கவே வரல?" என்று டேப்பு அம்மாவைப் பற்றிக் கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

அன்று சாயங்காலமே சிங்கவரம் போய் அம்மாவின் முட்டி உயரத்தை அளந்துவிட்டார். மறுநாள் பஸ் ஸ்டாண்டில், நின்ற சிங்கவரம் வண்டியின் வாசலருகே குந்தி உட்கார்ந்து படியை அளந்தார்.

"யோவ், பஸ்ஸுக்கு பேன்ட் தைக்கப் போறியா?" என்றார் கண்டக்டர்.

"யக்கா முட்டி பதினாறு இன்ச்சு. உன் படி பதினெட்டு. மிச்சம் ரெண்டு இன்ச்சுக்கு யக்கா கால்ல ஒட்டுப் போட முடியுமா?"

"அவ்ளோ பெரிய கோட்டைப் படியவே ஜனம் ஏறுது. அங்க போய் அளவெடேன்!"

"அது எதிரி ஏறக் கூடாதுன்னு கட்டுன படி. இது யார் ஏறக் கூடாதுன்னு கட்டுனது?"

கண்டக்டர் விசிலடித்தார். அவருக்குத் தெரிந்த பதில் அது ஒன்றுதான்.

அடுத்து கலெக்டர் ஆபீசுக்கு மனு. டேப்பு சொல்லச் சொல்ல, சிரிப்பை அடக்கிக்கொண்டு நான்தான் டைப் அடித்தேன். ‘மேற்படி படி அளவு சரியில்லாததால், பிரித்து இரண்டு இன்ச் இறக்கித் தரவும். இப்படிக்கு, டெய்லர்.’ அதற்கு மேல் சொல்லுங்கள் என்றால், "அளவு சொல்லியாச்சு, வேற இன்னா வேணும்?" என்றார்.

அதிகாரிகளைக் குறை சொல்லக் கூடாது. ஒரே மாதத்தில் பதில் போட்டார்கள்: ‘இலவச தையல் மெஷின் கேட்டு தாங்கள் அளித்த மனு பெறப்பட்டது. வருமானச் சான்று இணைக்கவும்.’

"வாங்கிடுங்க அண்ணா, மெஷின படிக்குக் கீழ போட்டு அம்மாவ ஏத்திடலாம்" என்றேன் நக்கலாக. ஊரெல்லாம் சிரித்தது. டேப்பு மட்டும் சிரிக்கவில்லை. தான் உட்கார்ந்து தைக்கும் குட்டை முக்காலியை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அந்த முக்காலி சிங்கவரம் பஸ் ஸ்டாப் கம்பத்தில், சைக்கிள் சங்கிலியும் பூட்டுமாகக் கட்டிக் கிடந்தது. பஸ் வந்தது. அம்மா முக்காலி மேல் கால் வைத்தாள். கண்டக்டர் வழக்கம்போல விசிலை வாயில் வைத்தார்.

"ஊதித்தான் பாரேன்!" என்று உள்ளேயிருந்த பெண்கள் ஒரே குரலாகக் கத்தினார்கள். விசில் சட்டைப் பைக்குள் போனது. அம்மா ஏறினாள். செஞ்சியில் இறங்குவதற்குத் தோள் கொடுக்க டேப்பே வந்து நின்றார்.

"உங்க காலுக்குத்தான் படியே தெரியாதே, உங்களுக்கு எதுக்கு அண்ணா இந்த டென்ஷன்?" என்று கேட்டேன்.

"தெரியாம இருந்தா சரிப்பா. அளவு தெரிஞ்சிக்கினு எப்படி சும்மா இருக்கிறது?"

பஸ் படி இன்றும் பதினெட்டு இன்ச்தான். மனு எந்த மேஜையில் தூங்குகிறதோ. அம்மா ஒரு மாதம்கூட மாத்திரையை விடுவதில்லை. முக்காலி போனதிலிருந்து டேப்பு எண்ணெய் டின் மேல் உட்கார்ந்து தைக்கிறார். டின் ஆடினால் தையலும் ஆடும். போன தீபாவளிக்கு எனக்குத் தைத்த பேன்ட்டில் இடது கால் சரியாக இரண்டு இன்ச் குட்டை.

இறக்கித் தரச் சொல்லி நான் கேட்கவில்லை. நல்ல நாள் என்றால் அதைத்தான் போடுகிறேன்.